கடையில் வேலை பார்க்கும் அக்காவுக்குத் துணையாகப் போக வேண்டும், எப்படி?

ஊசிநூல் எழுதியது:

வணக்கம். கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைப் பக்கம் சின்னதாக ஒரு தையல் கடை வைத்திருக்கிறேன். என்னோடு ஒரு அக்கா வேலை பார்க்கிறார். பிளவுஸ் வெட்டுவதில் அவர் கைதான் கை, கஸ்டமர் அவரைக் கேட்டே வருவார்கள். இந்த வேக்காட்டிலும் கொஞ்ச நாளாக முழுக்கை சுடிதார்தான் போட்டு வருகிறார். போன வாரம் மெஷினில் உட்கார்ந்தவர் வலது கையைத் தூக்க முடியாமல் எழுந்துவிட்டார். கேட்டால், "தண்ணி கோரும்போ சுளுக்கிட்டு" என்றார். மத்தியானம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தோம். அவரே கையைச் சுருட்டிக் காட்டினார். முழங்கைக்கு மேலே பெல்ட் பக்கிள் பதிந்த தடம்.

ஒரு தடவை ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறார். கணவரை வரவழைத்துச் சத்தம் போட்டு, ரெண்டு பேரிடமும் கையெழுத்து வாங்கி அனுப்பிவிட்டார்களாம். ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசியதும் உண்டு. பேசினால் கொஞ்ச நாள் அமைதி, பிறகு பழையபடிதான். "இனி எங்க போய் சொல்ல பிள்ளே" என்கிறார்.

குழுக் கூட்டத்தில் ஒருவர் சொன்னார், இப்படிப்பட்ட பெண்களோடு ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் கூடவே வருகிறவர்கள் இருக்கிறார்கள், வக்கீல் இல்லை, ஆனால் எல்லாம் தெரியும் என்று. அவர்கள் யார்? என்ன செய்வார்கள்? காசு கேட்பார்களா? நானே கூடப் போனால் நாளைக்கு என் மேல் கேஸ் கீஸ் வருமா? அவர் கணவருக்கு என் கடை தெரியும். அதுதான் பயமாக இருக்கிறது.

(திருத்தம்: குழித்துறைக்காரி அக்கா சொன்னதால் சில விவரங்களை எடுத்துவிட்டேன்.)

வேர்கிளம்பி எழுதியது:

அவசரம் என்றால் 112. மற்றபடி 181, பெண்கள் உதவி எண், ராத்திரி பகல் எப்போதும் எடுப்பார்கள். அங்கே சொன்னால் மாவட்டத்தில் எங்கே போக வேண்டும் என்று அவர்களே இணைத்துவிடுவார்கள். ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: நீங்களாக அவர் கணவரிடம் போய் "ஏன் அண்ணே இப்படிச் செய்றீங்க" என்று புத்தி சொல்லாதீர்கள். அன்றைக்கு ராத்திரி அந்த அக்காவுக்குத்தான் விழும்.

குழித்துறைக்காரி எழுதியது:

தங்கச்சி, முதலில் உங்கள் பதிவைத் திருத்துங்கள். அந்த அக்காவின் கணவர் என்ன வண்டி ஓட்டுகிறார், பிள்ளை எந்தப் பள்ளிக்கூடம் என்றெல்லாம் எழுதியிருக்கிறீர்கள். நம்ம மாவட்டம் சின்னது. பள்ளிக்கூடத்துப் பெயரை வைத்து அரை நாளில் ஆளைப் பிடித்துவிடுவார்கள். அவர் உங்களிடம்தான் சொன்னார், ஊரிடம் சொல்லவில்லை.

நீங்கள் கேட்ட "கூட வருகிறவர்கள்" கூட்டத்தில் நானும் ஒருத்தி. வக்கீல் இல்லை, போலீசும் இல்லை. பெண்கள் அமைப்பு ஒன்றில் இருந்து பல வருஷமாக விளவங்கோடு, கல்குளம் பக்கம் இந்த வேலை பார்க்கிறேன். சில வீட்டில் என்னைக் கேஸ் அக்கா என்பார்கள், சில வீட்டில் குடும்பம் கலைக்கி என்பார்கள். ரெண்டும் பழகிவிட்டது.

இந்த வேலைக்குச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. பெண்களைக் குடும்ப வன்முறையிலிருந்து பாதுகாக்கும் 2005-ஆம் ஆண்டுச் சட்டம், 2006 அக்டோபர் 26 முதல் நடப்பில் உள்ளது. அதன்படி பாதுகாப்பு அலுவலர் என்று ஒருவர் உண்டு. நமக்கு நாகர்கோவில் கலெக்டர் ஆபீசில், சமூகநலத் துறையில் போய்ப் பார்க்க வேண்டும். பதிவு செய்த அமைப்புகளும் சேவை வழங்குவோர் என்ற பெயரில் இதைச் செய்யலாம். அப்புறம் ஒருங்கிணைந்த சேவை மையம். 2015-இல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டம், ராத்திரியோடு ராத்திரியாகப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வருகிறவர்கள் கொஞ்ச நாள் தங்கவும் அங்கே வழி உண்டு. காசு யாரும் கேட்கக் கூடாது. கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

உங்கள் மேல் கேஸ் வருமா என்று கேட்டீர்கள். இந்தச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, வன்முறை நடக்கிறது என்று நம்பக் காரணம் உள்ள யார் வேண்டுமானாலும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் கொடுக்கலாம், நல்லெண்ணத்தோடு கொடுத்தவர் மேல் சிவிலாகவோ கிரிமினலாகவோ எந்தப் பொறுப்பும் விழாது என்கிறது. 18-ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே. அவர் வேலை செய்கிற இடத்துக்குள் கணவர் வரக் கூடாது, அவருக்கு உதவி செய்கிறவர்கள் மேல் வன்முறை செய்யக் கூடாது என்றுகூட மாஜிஸ்திரேட்டிடம் உத்தரவு கேட்கலாம். உங்கள் கடையும் நீங்களும் அதில் வந்துவிடுகிறீர்கள்.

சரி, கூடப் போவது என்றால் என்ன செய்வது? இத்தனை அலைச்சலில் எனக்குப் பிடிபட்டது இதுதான்: எந்த வாசல் ஏறினாலும் கையில் ஒரு தாள் இல்லாமல் இறங்கக் கூடாது. அந்த அக்கா ஸ்டேஷனுக்குப் போனார், ஊரும் பேசியது. அதற்கு அத்தாட்சியாக அவர் கையில் என்ன இருக்கிறது? கேட்டுப் பாருங்கள், ஒன்றும் இருக்காது. அவர் போட்ட கையெழுத்து ஸ்டேஷனில் இருக்கிறது. அந்தத் தாளில் என்ன எழுதியிருந்தது என்று பாதிப் பேருக்குச் சொல்லத் தெரியாது. பெரும்பாலும் "சமாதானமாகப் போகிறோம், மேல் நடவடிக்கை தேவையில்லை" என்று இருக்கும். அடி வாங்கினவளே நடவடிக்கை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். அடுத்த தடவை போனால், "போன தடவை நீதானேம்மா எழுதித் தந்த?" என்று கேட்பார்கள்.

அதனால் முதலில் ஆஸ்பத்திரி. தடம் மங்குவதற்குள். தக்கலை அரசு ஆஸ்பத்திரிக்கோ ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜுக்கோ ரெண்டு பேரும் போங்கள். டியூட்டி டாக்டர் ஏ.ஆர். என்கிற விபத்துப் பதிவேட்டில் எழுதுவார். எப்போது, எதால், யார் அடித்தது என்கிற வரியை அந்த அக்கா வாயால் சொல்ல வேண்டும். நீங்கள் முந்திக்கொண்டு சொன்னால் "கூட வந்தவர் கூறியபடி" ஆகிவிடும். ஆஸ்பத்திரியில் இருந்து போலீசுக்குத் தகவல் போகும். அங்கே போன பிறகு அது தெரிந்தால் பயந்து எழுந்து ஓடிவிடுவார்கள், ஆகவே முன்னாடியே சொல்லி, சம்மதமா என்று கேட்டுவிட்டுக் கூட்டிப் போங்கள்.

நான் பார்த்த ஒரு கேஸ். மாமியார்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருக்கிறார், பக்கத்திலேயே நின்றிருக்கிறார். இந்தப் பெண் "குளிமுறியில் வழுக்கிட்டு", அதாவது குளியலறையில் வழுக்கி விழுந்தேன் என்று சொல்லிவிட்டாள். வேறென்ன சொல்வாள்? பிறகு கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் அந்தச் சீட்டைத்தான் முதலில் எடுத்து நீட்டினார். இடது கண்ணுக்குக் கீழே நான்கு விரல் தடம் இருந்ததை நான் பார்த்தேன். சீட்டில் வழுக்கி விழுந்தது என்று இருந்தது. அந்த ஒரு வரியைத் தாண்டி வர எங்களுக்கு நாக்குத் தள்ளிவிட்டது.

ஸ்டேஷன் என்றால் மனுவை எழுதி ரெண்டு பிரதி எடுத்துக்கொண்டு போங்கள். கொடுத்த உடனே சி.எஸ்.ஆர். கேளுங்கள், மனு ரசீது. "ஏட்டம்மா வெளியே போயிருக்காங்க, நாளைக்கு வாங்க" என்றால் "பரவாயில்லை, காத்திருக்கோம்" என்று பெஞ்சில் உட்கார்ந்துவிடுங்கள். கோபப்படாதீர்கள், சட்டம் பேசாதீர்கள், எழுந்தும் போகாதீர்கள். கூட ஒரு ஆள் பையும் தண்ணீர்ப் பாட்டிலுமாக உட்கார்ந்திருந்தாலே ரசீது வந்துவிடும். தனியாகப் போன பெண்ணுக்குக் கிடைக்காத ரசீது, பக்கத்தில் இன்னொருத்தி இருந்தால் கிடைக்கிறது. இந்த வேலையே பெரும்பாலும் அவ்வளவுதான். எதில் கையெழுத்துப் போடச் சொன்னாலும் முழுக்க வாசித்துவிட்டுத்தான். கண்ணாடி எடுத்து வரவில்லை என்று சொல்லி என்னிடம் தரச் சொல்லுவேன், நான் சத்தமாக வாசிப்பேன். ஸ்டேஷனே கேட்கும். அப்படி வாசித்துப் பாதியில் திருத்தின தாள்கள் உண்டு.

மூன்றாவது தாள் குடும்ப வன்முறை நிகழ்வு அறிக்கை. பாதுகாப்பு அலுவலர் எழுதுவது, சட்ட விதிகளில் படிவம் 1. அதில் அடி மட்டும் இல்லை. திட்டினது, விருப்பமில்லாமல் தொட்டது, வேலைக்குப் போக விடாதது, சம்பளத்தைப் பிடுங்கினது என்று கட்டம் கட்டமாக இருக்கும். "அடிக்கல, ஆனா சம்பளத்த வாங்கிக்குவாரு" என்பதை நம்ம பெண்கள் குற்றமாகவே சொல்ல மாட்டார்கள். உங்கள் கடையில் சம்பள நோட்டு இருக்கிறதல்லவா? அதில் அவர் கணவர் வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிய வாரம் ஏதாவது இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து வையுங்கள். கல்யாணத்துக்குப் போட்ட நகைப் பட்டியல், டாக்டர் சீட்டு எல்லாம் என்னென்ன இணைத்திருக்கிறது என்று அந்தப் படிவத்திலேயே கேள்வி உண்டு.

அந்தத் தாள்கள் அவர் வீட்டில் இருக்கக் கூடாது. ஆதார், ரேஷன் கார்டு, பிள்ளைகளின் பிறப்புச் சான்று, பாஸ்புக், கோவிலில் வாங்கின கல்யாணச் சான்று, எல்லாவற்றிலும் ஒரு நகல் உங்கள் கடையில் இருக்கட்டும். பிளவுஸ் பிட் அடுக்கி வைக்கிற பெட்டிக்கு அடியில் வைத்தால் எந்த ஆம்பிளையும் அதைக் கிளறிப் பார்க்கப் போவதில்லை.

போன் விஷயம். நீங்கள் நினைத்த நேரத்தில் அழைக்காதீர்கள், அவரிடமே நேரம் கேளுங்கள். ரப்பர் பால்வெட்டுக்குப் போகிற வீட்டுக்காரர் என்றால் விடியற்காலைதான் அந்தப் பெண்ணுக்கு வாய் திறக்கிற நேரம். ஆழ்கடலுக்குப் போகிறவர் என்றால் போட் கரைக்கு வந்த நாட்களில் நான் போனே செய்ய மாட்டேன். வளைகுடாவில் இருப்பவர் வீட்டில் வீடியோ கால் வருகிற நேரம் எது என்று கேட்டு வைத்துக்கொள்வேன். உங்கள் அக்காவுக்கு உங்கள் கடையே போதும், தினமும் வருகிறார். மெஷின் ஓடுகிற சத்தத்தில் பேசுங்கள்.

இன்னொன்று. நம்ம மாவட்டம் 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் 91.75 சதவீதத்தோடு தமிழ்நாட்டிலேயே முதலில் நின்றது, எல்லாரும் பெருமையாகச் சொல்வோம். என் அனுபவத்தில் படித்து வேலையில் இருக்கிற பெண்கள்தான் கடைசியில் வருகிறார்கள். மீன் சுமக்கிற அக்கா நடுரோட்டில் நின்று கத்திவிட்டு என்னிடம் வந்துவிடுவாள். டீச்சர் வர மாட்டார். வந்தாலும் குடையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு பின்வாசல் வழியாக வருவார்.

கடைசியாக, அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். ஆஸ்பத்திரி வரை வந்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். கேஸ் போட்டுவிட்டு, பிள்ளைக்குப் பரீட்சை, வாபஸ் வாங்குகிறேன் எனலாம். "இவ்வளவு தூரம் உனக்காக அலைஞ்சேனே" என்று அந்த நேரம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டீர்கள் என்றால் அடுத்த தடவை அடிபட்டால் உங்களிடமும் சொல்ல மாட்டார். தாள்கள் மட்டும் பெட்டிக்கு அடியில் இருக்கட்டும்.

கடலோரத்தான் எழுதியது:

நான் எங்கள் அன்பியத்தில், அதாவது கத்தோலிக்க வீடுகள் சேர்ந்த ஜெபக் குழுவில், பொறுப்பில் இருப்பவன். அக்கா சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனால் ஊர் பேசுவதை இப்படி ஒன்றுமில்லாததாகச் சொல்ல வேண்டாம். எங்கள் தேவாலயப் பங்கில் பாதிரியாரும் பங்குப்பேரவையும் உட்கார்ந்து பேசி எத்தனையோ குடும்பம் சேர்ந்து வாழ்கிறது. கோர்ட் என்றால் வாய்தா மேல் வாய்தா. கடலுக்குப் போனவன் வாய்தாவுக்காகத் திரும்பி வருவானா? வராவிட்டால் வாரண்ட். பிறகு அவன் தொழில் போச்சு, வீட்டில் அடுப்பு எரியாது. அந்தப் பெண்ணும்தான் பட்டினி. எல்லாவற்றையும் தாளாக்கினால் பிறகு ஒட்டுமா? பிள்ளைகள் முகத்தையும் பார்க்க வேண்டும்.

குழித்துறைக்காரி எழுதியது:

தம்பி, பட்டினி விஷயம் உண்மை. அதனால்தான் நான் யாரையும் கோர்ட்டுக்குப் போ என்று தள்ளுவதில்லை. பாதுகாப்பு அலுவலர் வரைக்கும் போய், அறிக்கை எழுதி வைத்துவிட்டு, அதோடு நிற்கிற பெண்களும் இருக்கிறார்கள்.

ஊர் பேசட்டும். ஆனால் எப்படிப் பேசுகிறீர்கள் என்று பாருங்கள். மேசைக்கு அந்தப் பக்கம் பத்துப் பன்னிரண்டு ஆண்கள், இந்தப் பக்கம் அவள் ஒருத்தி. கணவன் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பான். "நீ என்ன செஞ்ச, அவன் கை ஓங்குத அளவுக்கு?" என்பதுதான் முதல் கேள்வி. நான் அந்த மேசைகளுக்குக் கூடப் போயிருக்கிறேன், வெளியே நிற்கச் சொல்லியிருக்கிறார்கள், ஜன்னல் வழியாகக் கேட்டிருக்கிறேன்.

திருவிழா வரி எந்த வீடு எவ்வளவு பாக்கி என்று உங்களிடம் பல வருஷ நோட்டு இருக்கும். இன்ன தேதியில் இன்னார் மனைவியைக் கை ஒடிய அடித்தார், இனி செய்ய மாட்டேன் என்று சபை முன் சொன்னார், கையெழுத்து. இப்படி ஒரு வரி அந்த நோட்டில் எழுதுவீர்களா? எழுதி அவளுக்கு ஒரு நகல் கொடுப்பீர்களா? கொடுத்தால் ஊர்ப் பேச்சுக்கு நானே ஆள் அனுப்புகிறேன். மேசையில் பெண்கள் ரெண்டு பேரையாவது உட்கார வையுங்கள், கன்னியாஸ்திரி சிஸ்டர்மார் இருந்தாலும் சரி.

கருப்புக் கோட்டு எழுதியது:

பத்மநாபபுரத்திலும் இரணியலிலும் பிராக்டிஸ் செய்கிறேன். ஊர் சமரசம் பற்றிப் பேச்சு வந்ததால் ஒரு தகவல். இந்தச் சட்டத்தின் 14-ஆம் பிரிவில் மாஜிஸ்திரேட்டே கவுன்சலிங்குக்கு அனுப்பலாம். ஆனால் 2006-ஆம் ஆண்டு விதிகளில் அதற்குக் கட்டுப்பாடு இருக்கிறது. தான் அடித்ததற்கு எதிர்மனுதாரர் எந்த நியாயமும் கவுன்சலிங்கில் சொல்லக் கூடாது. அதை உட்காரும் முன்பே அவருக்குத் தெரிவித்துவிட வேண்டும். இனி செய்ய மாட்டேன் என்று அவர் உறுதிமொழியும் கொடுக்க வேண்டும். "நீ என்ன செஞ்ச" என்ற கேள்விக்கே அங்கே இடம் இல்லை. கடலோரத்தான் இதை உங்கள் பேரவையில் அப்படியே வைத்துப் பாருங்கள், ஒன்றும் குறைந்துவிடாது.

ஊசிநூல் அவர்களுக்கு: 12-ஆம் பிரிவு மனுவை அந்தப் பெண்ணோ, பாதுகாப்பு அலுவலரோ, அவர் சார்பில் வேறொருவரோ போடலாம். முதல் விசாரணை சாதாரணமாக 3 நாளுக்குள், முடிப்பது 60 நாளுக்குள் என்று முயல வேண்டும் என்கிறது சட்டம். நடப்பில் அப்படி இல்லை என்பது இந்தத் தொழிலில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் மனுவோடு சேர்த்தே 23-ஆம் பிரிவில் இடைக்கால உத்தரவு கேட்க வேண்டும். பாதுகாப்பு உத்தரவை மீறினால் 31-ஆம் பிரிவுப்படி ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆரம்பத்திலேயே கைது என்று இந்தச் சட்டத்தில் எதிர்பார்க்க வேண்டாம். அது வேண்டுமானால் கணவர் வீட்டுக் கொடுமைக்கான பழைய இ.பி.கோ. 498-ஏ, இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 85-ஆம் பிரிவு, தனி வழி.

குழித்துறைக்காரி அம்மாவின் தாள் கணக்கோடு எனக்கு ஒரு சின்ன வேறுபாடு. நிகழ்வு அறிக்கை இல்லாவிட்டாலும் மாஜிஸ்திரேட் உத்தரவு போடலாம் என்று உச்ச நீதிமன்றம் பிரபா தியாகி வழக்கில் 2022-இல் சொல்லிவிட்டது. தாள் இல்லை என்பதற்காக யாரும் மனு போடாமல் இருந்துவிட வேண்டாம். இருந்தால் என் வேலை எளிது, அவ்வளவுதான்.

வக்கீல் கட்டணம் பற்றிக் கவலை வேண்டாம். 1987-ஆம் ஆண்டு சட்டப்பணிகள் சட்டத்தின்படி பெண் என்றால் போதும், வருமானம் எவ்வளவு என்று பார்ப்பதில்லை, இலவச வக்கீல் உண்டு. நாகர்கோவிலில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு, அல்லது 15100-க்கு அழையுங்கள்.

பேர் வேண்டாம் எழுதியது:

நான் இந்த வழி போய் வந்தவள். எனக்குத் துணையாக வந்த அக்கா கோர்ட்டு வராந்தாவில் என்ன செய்தார் என்று மட்டும் சொல்கிறேன். என் கணவர் வீட்டு ஆட்கள் ஏழெட்டுப் பேர் எதிரே நின்று ஜாடையாகப் பேசிக்கொண்டே இருந்தார்கள். அக்கா எனக்கும் அவர்களுக்கும் நடுவில் வந்து, அவர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, என்னிடம் முருங்கைக்கீரை எப்படிச் சீக்கிரம் உருவுவது என்று பேசிக்கொண்டிருந்தார். பேர் கூப்பிடுகிற வரைக்கும் அதேதான். உள்ளே போனபோது எனக்குக் குரல் நடுங்கவில்லை.

தேதிகளுக்கு நான் டெய்லி காலண்டர் தாளைக் கிழித்து, பின்னால் ஒரு வரி எழுதி அரிசி டப்பாவில் போட்டு வைத்தேன். "ராத்திரி, கரண்டி, வலது தோள்" இந்த மாதிரி. வக்கீல் அதைப் பார்த்துவிட்டுத்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஊசிநூல் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நேற்று அக்காவிடம் பேசினேன், மெஷினை ஓட்டிக்கொண்டேதான். ஆஸ்பத்திரிக்குச் சரி என்றார், மத்தியானமே தக்கலைக்குப் போய்வந்தோம். டாக்டர் அம்மா என்னை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு அவரிடம் தனியாகக் கேட்டார். அவரே சொல்லியிருக்கிறார். அவர் கையில் கொடுத்த சீட்டை இப்போது என் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

கலெக்டர் ஆபீசுக்கும் வருகிறேன் என்றார். ரெண்டு விஷயம்தான் பிடித்து இழுக்கிறது. வீடு மாமியார் பேரில், "நீ வாய் திறந்தா வெளியே போ" என்கிறார்களாம். போட்ட நகை 25 பவுனில் பாதிக்கு மேல் அடகில் இருக்கிறது, ரசீது கணவர் கையில். அம்மா வீடு நெய்யாற்றின்கரைப் பக்கம், அங்கே போய்விட்டால் கேஸ் கேரளத்தில்தான் போட முடியும் என்கிறார் யாரோ.

கருப்புக் கோட்டு எழுதியது:

வீடு யார் பேரில் என்பது இப்போது அவ்வளவு பெரிய தடை இல்லை. சதீஷ் சந்தர் அகுஜா வழக்கில் 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், கணவரின் பெற்றோர் பேரில் உள்ள வீடும் அந்தப் பெண் குடும்பமாக வாழ்ந்த வீடாக இருந்தால் பகிர்ந்து வாழும் இல்லம்தான், அதாவது அவருக்குத் தங்க உரிமை உள்ள வீடுதான் என்று சொல்லிவிட்டது. 2006-இல் வந்த பழைய தீர்ப்பு இதற்கு மாறாக இருந்தது, அதை வைத்துத்தான் இன்னும் பலர் பயம் காட்டுகிறார்கள். சட்டப்படியான நடவடிக்கை இல்லாமல் அவரை வெளியேற்ற முடியாது, 17-ஆம் பிரிவு. அங்கே இருக்கவே பயம் என்றால் 19-இல் வேறு வீட்டுக்கு வாடகை கேட்கலாம்.

கேஸ் எங்கே என்றால், அந்தப் பெண் தற்காலிகமாகத் தங்கியிருக்கிற இடத்திலும் போடலாம், கணவர் இருக்கிற இடத்திலும் போடலாம். நெய்யாற்றின்கரையா பத்மநாபபுரமா என்பது அந்தப் பெண்ணின் விருப்பம். எங்கே உத்தரவு வாங்கினாலும் நாடு முழுக்கச் செல்லும். களியக்காவிளை எல்லைச் செக்போஸ்ட்டோடு முடிந்துவிடாது.

குழித்துறைக்காரி எழுதியது:

நகைக்கு நான் சொல்கிறேன். ரசீது கணவரிடம் இருந்தாலும் அடகு வைத்தது எந்தக் கடை, எந்த பாங்க் என்று அந்த அக்காவுக்குத் தெரிந்திருக்கும். வட்டி கட்டச் சொல்லி அவரையே அனுப்பியிருப்பார்கள், அல்லது போனில் மெசேஜ் வந்திருக்கும். அந்த மெசேஜைப் போட்டோ எடுங்கள். அப்புறம் கல்யாண ஆல்பம். மாலை போட்டு நிற்கிற போட்டோவில் கழுத்தும் கையும் தெளிவாகத் தெரியும், அம்மா வீட்டிலும் ஒரு ஆல்பம் இருக்கும், அதைக் கேளுங்கள். நகை வாங்கின கடை பில் அப்பா அம்மாவிடம் இருந்தால் இன்னும் நல்லது. இதை வைத்து ஒரு பட்டியல் எழுதுங்கள்: எந்த உருப்படி, எத்தனை பவுன், யார் போட்டது, இப்போது எங்கே. அறிக்கையோடு இணைக்கலாம், திருப்பித் தரச் சொல்லி உத்தரவும் கேட்கலாம்.

கலெக்டர் ஆபீசுக்குத் திங்கட்கிழமை வேண்டாம். அன்று மக்கள் குறைதீர் நாள், மனுவோடு ஊரே நிற்கும், தெரிந்த முகம் எதிரே வரும். வேறொரு நாள் காலையில் வாருங்கள். தக்கலையில் இருந்து சாதாரணக் கட்டண பஸ்ஸில் ஏறினால் உங்கள் ரெண்டு பேருக்கும் டிக்கெட் இல்லை. நான் வடசேரி பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன், எந்த இடம் என்று தனிச் செய்தியில் அனுப்பியிருக்கிறேன். இங்கே எழுத வேண்டாம்.

கடையை மூடிவிட்டு வராதீர்கள். திடீரென்று பூட்டின கடை தெருவுக்கே தெரியும். யாரையாவது உட்கார வையுங்கள். அவர் கணவர் வந்து கேட்டால், லைனிங் துணி எடுக்க ரெண்டு பேரும் நாகர்கோவில் போயிருக்கிறார்கள் என்று சொல்லட்டும். வரும்போது உண்மையிலேயே லைனிங் துணி எடுத்து, பில்லோடு வாருங்கள்.